சுவர்ணரேகாவுக்குக் கட்டிய மூட்டை

1908 ஜனவரி 7, செவ்வாய்

மூடுபனி. டாக் ஆட்களின் லைன் வீட்டு வாசலில் நின்று பார்த்தால் கிரேன் தெரியவில்லை, சத்தம் மட்டும். சல்லடை முடிந்தது. மண்ணெண்ணெய்த் தகரம் இரண்டைப் பிரித்துத் தட்டி நிமிர்த்தி, ஆணியால் வரிசை வரிசையாகத் துளை. கட்டைவிரல் நகம் கறுத்துவிட்டது.

இந்த நோட்டு ஆபீஸ் தாளில் தைத்தது. சா. கொடுத்த பட்டியலை நகல் எடுத்தபின் மீந்தவை. (சா. என்றால் சாகிப். முழுதாக எழுதி மையை வீணாக்குவதாக இல்லை.) கல்கத்தா கார்டன் ரீச்சில் கப்பல் பழுது பார்க்கும் பட்டறை, அதன் டிராயிங் ஆபீஸில் நான் படங்களை நகல் எடுக்கும் டிரேசர். சா. அடுத்த மாதம் லீவு போட்டுச் சிங்பூம் காட்டுக்குத் தங்கம் தேடிப் போகிறார். பொழுதுபோக்கு. சாமான் பட்டியலை என் கையெழுத்தில் மூன்று படி கேட்டார். மடக்கு நாற்காலி, மடக்கு மேஜை, மடக்குக் கட்டில், மடக்குக் குளியல் தொட்டி. மடங்காதது அவர் முதுகு ஒன்றுதான். சுமக்க நாற்பது கூலிகள். பட்டியலில் அவர்கள் கோவேறு கழுதைக்கு அடுத்த வரி.

நாலாவது படி எனக்காக எழுதிக்கொண்டேன். பக்கத்தில் எங்கள் பட்டியல்:

கூடாரம். கப்பலில் கழித்த பாய்த் துணி, ஆளிவிதை எண்ணெயும் மெழுகும் காய்ச்சித் தடவியது. தண்ணீர் நிற்கிறது. நாற்றமும் நிற்கிறது.
கட்டில். இரண்டு சாக்கு, இரண்டு மூங்கில். சாக்கின் அடி மூலைகளைக் கத்தரித்து மூங்கிலை நுழைத்தால் கட்டில்.
அடுப்பு. தகரம்.
சல்லடை. இன்று.
தொட்டில். மண்ணை ஆட்டிக் கழுவ. தேயிலைப் பெட்டி, அடியில் வளைந்த கட்டை இரண்டு, உள்ளே குறுக்குச் சட்டம், சட்டத்துக்கு அடியில் பழைய கம்பளித் துண்டு.
செம்புத் தட்டு, பாதரசம், பாதரசத்தை வடிக்க இரும்புக் குழாய். மூன்றும் இனிமேல்.

அதே காட்டுக்குப் போவது மாமாவும் நானும். மாமா அக்காவின் புருஷன். கிடர்பூர் டாக்கில் சுமை தூக்கும் வின்ச் ஓட்டுகிறார். பதினோரு வருஷம். இடுப்பில் எண் போட்ட பித்தளைப் பில்லை. அந்தப் பில்லை இருக்கும் வரைக்கும்தான் இந்த அறை. பில்லையைத் திருப்பிக் கொடுத்தால் ஏழு நாளில் சட்டி பானையோடு வெளியே. நானும் இந்த அறையில்தான் ஒண்டியிருக்கிறேன். அதனால் பேச்சு இது: ஞாயிறன்று அங்கிருந்து வந்த ஆற்று மணலைக் கழுவிப் பார்ப்பது. தங்கம் கண்டால் மாமா பில்லையைக் கொடுத்துவிடுவார், ஹௌராவில் ரயில் ஏறிவிடுவோம். காணாவிட்டால் வாயை மூடிக்கொண்டு வேலையைப் பார்ப்பது.

யோசனை என்னுடையது. பில்லை அவருடையது.

ஜனவரி 9, வியாழன்

செம்பு கிடைத்தது. உடைத்துப் போட்ட பாய்க்கப்பலின் அடித்தகடு, சிப்பி ஒட்டிய தழும்போடு. பழைய இரும்புக்காரனுக்குக் குடையைக் கொடுத்தேன். மழைக்கு ஐந்து மாதம் இருக்கிறது.

தீயில் சிவக்க வைத்துத் தண்ணீரில் முக்கினால் செம்பு இளகும். மரக்கட்டையில் குழி செதுக்கி, அதில் வைத்து மரச் சுத்தியால் அடி. மூன்று தடவை சூடு, மூன்று தடவை அடி. அகலத் தட்டு, ஓரம் நாலு விரல் உயரம். அழகாக இல்லை. ஒழுகவில்லை.

கோலார் தங்கவயலில் அப்பா ஆலையில் செம்புத் தகடு சுரண்டுகிறவர். தகட்டின்மேல் பாதரசம் தேய்த்திருக்கும், அதன்மேல் அரைத்த கல்லும் தண்ணீரும் ஓடும். தங்கம் பாதரசத்தைப் பிடித்துக்கொள்ளும், மண் போய்விடும். சாயங்காலம் அதைச் சுரண்டி, உருட்டி, துரையின் மேஜையில் வைக்க வேண்டும். வாசலில் வாயைத் திறக்கச் சொல்லி விளக்குப் பிடித்துப் பார்ப்பார்கள். அந்த வாயில் பல் ஒவ்வொன்றாகப் போனது. கை நடுங்கி, கடைசி வருஷம் அக்காதான் ஊட்டினாள். வீட்டில் ஒரு குந்துமணித் தங்கம் இருந்ததில்லை.

ஆகவே என் சட்டம்: பாதரச உருண்டையைத் திறந்த தீயில் சுடுவது கிடையாது. குழாய் வந்தபிறகுதான். மாமாவிடம் இரண்டு தடவை சொல்லியாகிவிட்டது.

தொட்டிலைப் பார்த்துவிட்டுப் பக்கத்து அறைத் தெலுங்குக்காரி அக்காவிடம் எத்தனையாவது மாசம் என்று கேட்டாளாம். கல்யாணமாகிப் பத்து வருஷம், குழந்தை இல்லை. கேட்டவளுக்கு அது தெரியும். அக்கா தலையைத் திருப்பாமல் சொன்னாள்: "எங்க வீட்ல மொதல்ல மண்ணத்தான் தாலாட்டறது."

மணல் கொண்டுவந்தவன் சோம்ரா. டாக்கில் கரி சுமக்கிற முண்டா சாதி ஆள். சிங்பூமில் சுவர்ணரேகா ஆற்றங்கரையில் அவன் ஊர். இரண்டு சாக்கு கேட்டோம், அரைச் சாக்குதான் முதுகில் வந்தது. இன்றைக்கு மறுபடி கேட்டேன், உங்கள் ஊரில் எவ்வளவு எடுக்கிறார்கள் என்று. அவன் ஊர்ப் பெண்கள் மரத்தட்டில் கழுவுவார்களாம், விடிந்ததிலிருந்து இருட்டும் வரை. அரை அரிசி அளவு வந்தால் நல்ல நாள். அதைத் தரகன் எடுத்துக்கொண்டு உப்போ சோளமோ கொடுப்பான். இவ்வளவையும் பீடி பற்ற வைத்துக்கொண்டே சொன்னான். என்னை பாபு என்று கூப்பிட்டான். வேண்டாமென்றேன், கேட்கவில்லை.

மரத்தட்டு. அதனால்தான் அரை அரிசி. எங்களிடம் பாதரசம் இருக்கும்.

ஜனவரி 11, சனி

அரை நாள் ஆபீஸ். படாபஜாரில் பாதரசம், ஒரு சின்னக் குப்பி. என்ன வியாதி என்று கடைக்காரன் கேட்டான். ஏழ்மை என்றேன். அதற்கு இது கேட்காது என்றான், சிரிக்காமல்.

குழாய்: பட்டறை பிட்டர் மூடிக்கு மரை வெட்டித் தருவதாகச் சொல்லியிருக்கிறான், பொங்கல் கழித்து.

திரும்பும்போது லைன் முழுக்கப் புகை, நவச்சார நெடி. பொங்கலுக்கு முன் பாத்திரத்துக்கு ஈயம் பூசாவிட்டால் எங்கள் பெண்களுக்குத் தூக்கம் வராது. ஈயம் பூசும் பீகார்க்காரன் காலையிலேயே வந்து குழி வெட்டி, துருத்தி போட்டு, நாலு தமிழ் வீட்டு அண்டா குண்டாவையும் முடித்துவிட்டுப் போயிருக்கிறான். அக்கா சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தாள். மூக்கு நுனியில் வெள்ளை.

குப்பியை மாமாவிடம் கொடுத்தேன். விரலால் தொடாமல், துணியில் தொட்டுச் செம்புத் தட்டில் தேய்த்து வைக்கச் சொன்னேன். சரி என்றார். மனசு வேறெங்கோ. நேற்று வின்ச்சில் சங்கிலி அறுந்து ஒருவன் தோள்பட்டை போயிற்று. சுமந்து போனார்கள். மேஸ்திரி செராங் வேலையை நிறுத்தவில்லை. அடுத்த சுமையைத் தூக்கச் சொன்னான், இரத்தத்தின் மேல் சாம்பலைப் போட்டுவிட்டு. மாமா தூக்கினார்.  அக்கா சொல்லித்தான் தெரியும்.

ஜனவரி 12, ஞாயிறு

எழுதக் கை ஓடவில்லை. வரிசையாக எழுதுகிறேன்.

மதியம். கதவைச் சாத்தினோம். அரைச் சாக்கில் பாதி மணலைச் சல்லடையில் அலசி, தொட்டிலில் கொட்டி, நான் தண்ணீர் ஊற்ற மாமா ஆட்டினார். கம்பளியில் கரு மணல் தங்கியது. இரண்டு கை அளவு.

செம்புத் தட்டைச் சாக்குச் சுற்றிலிருந்து எடுத்தேன். கண்ணாடி மாதிரி வெள்ளை. இவ்வளவு சீராக மாமா தேய்ப்பார் என்று நினைக்கவில்லை. மணலைப் போட்டு, மீதிப் பாதரசத்தை ஊற்றி, துணி சுற்றிய குழவியால் அரைத்தோம். முறை வைத்து ஒரு மணி நேரம். பாதரசம் முதலில் ஓடி ஓடி விளையாடியது. அப்புறம் மந்தமாயிற்று. அப்புறம் கூழ் மாதிரி. அப்பா சொல்வார், தங்கம் தின்றுவிட்டால் அது சோம்பேறியாகிவிடும் என்று.

மணலை அலசித் தள்ளியபோது தட்டு அங்கங்கே சிவந்திருந்தது. அரைத்த அரைப்பு அப்படி.

ஆபீஸிலிருந்து கொண்டுவந்த மெல்லிய தோலில் ஊற்றிப் பிழிந்தேன். பாதரசம் முத்து முத்தாய் வெளியே வந்தது. தோலுக்குள் நின்றது கொட்டைப்பாக்கு அளவு உருண்டை. வெள்ளை. அழுத்தினால் நறநறவென்றது.

கொட்டைப்பாக்கு. அரைச் சாக்கில் பாதி மணலிலிருந்து.

மாமா அதை உள்ளங்கையில் வைத்து மேலும் கீழும் ஆட்டினார்.  அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, இதுவா தங்கம், வெள்ளையா இருக்கே என்றாள். உள்ளே இருக்கிறது, பாதரசம் போனால் மஞ்சள் தெரியும் என்று விளக்கினேன். பிரசங்கம் மாதிரி விளக்கினேன்.

இப்போதே சுட்டுப் பார்த்துவிடலாம் என்றார் மாமா. குழாய் வரட்டும் என்று நான்தான் தடுத்தேன்.

ஜனவரி 13, திங்கள்

குளிர். கங்காசாகர் போகும் சாமியார்கள் கூட்டம் டிராமை மறித்தது. ஆபீஸுக்குத் தாமதம். ஹெட் பாபு கடிகாரத்தைப் பார்த்தார். நானும் கடிகாரத்தைப் பார்த்தேன். இப்படி ஒரு நாளும் செய்ததில்லை.

சா. கூடாரப் படத்தில் ஒரு அறை கூடுதலாக வரையச் சொன்னார். நாய்களுக்கு. வரைந்தேன். கோடு நேராக வந்தது. போன வாரமாக இருந்தால் ஆத்திரத்தில் கோணியிருக்கும்.

வீட்டில் உருண்டை உப்புப் பானைக்குள். மாமா போகும்போதும் வரும்போதும் பானையைத் தொட்டுவிட்டுப் போகிறார். சனிக்கிழமை சம்பளம் வாங்கிக்கொண்டு பில்லையைப் போட்டுவிடுவாராம். அக்கா கேட்டாள், நீங்கள் காட்டில் இருக்கும்போது நான் எங்கே இருப்பது என்று. மாமா சொன்னது: "ஒரு மாசம் தெலுங்குக்காரி வூட்ல இரு. அப்பால இந்த லைனையே வெலைக்கு வாங்கலாம்."

அக்கா சிரிக்கவில்லை. நான் சிரித்தேன்.

ஜனவரி 14, செவ்வாய். பொங்கல்

எங்களுக்கு லீவு கிடையாது. ஆகவே விடியும்போதே பொங்கல். வாசலில் மூன்று செங்கல். பனியில் விறகு புகைந்தது.

அக்கா பித்தளைப் பானையைக் கொண்டுவந்து வைத்தாள். நான் தண்ணீர் ஊற்றக் குனிந்தேன். பானைக்குள் புது ஈயம். கண்ணாடி மாதிரி வெள்ளை.

எங்கே பார்த்தேன் இந்த வெள்ளையை?

குடத்தைக் கீழே வைத்தேன். அக்காவிடம் மெதுவாகக் கேட்டேன், என் செம்புத் தட்டை யாராவது தொட்டார்களா என்று. அவள் அடுப்பை ஊதிக்கொண்டே சொன்னாள்: "உன் தட்டயுந்தான் சேத்துப் பூசச் சொன்னேன் தம்பி. காட்டுல அதுல ஆக்கித் திம்பீங்க, களிம்பு ஏறி வாந்தி எடுத்தா யாரு பாப்பா?"

பானை பொங்கியது. மாமா பொங்கலோ பொங்கல் என்று கத்தினார். லைன் முழுக்கக் கேட்கும்படி. நானும் கத்தினேன்.

ஆபீஸ் போகும் வழியில் மாமாவிடம் வேறு பேச்சு மாதிரி கேட்டேன், சனிக்கிழமை பாதரசம் தேய்த்தீர்களே, எவ்வளவு செலவாயிற்று என்று. "நானா? நீதான தேச்சி வெச்சிருந்த. வெள்ளையா இருந்திச்சே."

பாதரசம் தங்கத்தைத் தின்னும். ஈயத்தை அதைவிட வேகமாகத் தின்னும். தட்டு அங்கங்கே சிவந்தது அரைத்ததால் அல்ல.

ஜனவரி 15, புதன்

நிச்சயமாகத் தெரியாமல் பேசக்கூடாது என்று நேற்று வாயைத் திறக்கவில்லை. இன்று நிச்சயம்.

காலையில் அக்கா தண்ணீருக்குப் போனபோது உப்புப் பானைக்குள் கைவிட்டு உருண்டையில் ஒரு கிள்ளு. பட்டறையில் பித்தளை வார்ப்பைக் கழுவ திராவகம் வைத்திருக்கிறார்கள். மைக்குப்பியில் கொஞ்சம் வாங்கி, ஓடையோரம் காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று கிள்ளலைப் போட்டேன். தங்கம் என்றால் திராவகம் தொடாது, மஞ்சளாய் அடியில் கிடக்கும். சிவப்புப் புகை வந்தது. கொதித்தது. அடங்கியது.

அடியில் வெள்ளைப் பொடி. சுண்ணாம்பு மாதிரி. சாய்த்துப் பார்த்தேன். வெயிலில் பார்த்தேன். மஞ்சள் ஒரு பொட்டுகூட இல்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தேன். மாமா பாய்த் துணியை விரித்து முளைக்குச்சி சீவிக்கொண்டிருந்தார். ஒரு குச்சியின் தலையில் கோழி மாதிரி ஏதோ செதுக்கியிருந்தார். என்னிடம் காட்டினார். நல்லா இருக்கு என்றேன்.

ஏன் சொல்லவில்லை?

1. அக்காவை அடிப்பார் என்ற பயம். இரண்டு முறை பார்த்திருக்கிறேன்.
2. நாளைக்குச் சொல்லலாம், சனிக்கிழமைதானே.
3. சொன்னால் நானும் போக முடியாது. சா.வின் நாய்க்கு அறை வரைந்துகொண்டே கிடக்க வேண்டும்.

மூன்றாவதுதான் நிஜம். மற்ற இரண்டையும் அழகுக்கு எழுதினேன்.

ஜனவரி 16, வியாழன்

இன்றும் சொல்லவில்லை.

மதியம் கரித் துறையில் சோம்ராவைத் தேடிப் போனேன். முகம் முழுக்கக் கரி, கண் மட்டும். ஆற்றின் மேல்பக்கம் மணலில் அதிகம் இருக்குமா, வேறு இடம் தெரியுமா என்று கேட்டேன். பொய்யை உண்மையாக்க ஒரு வழி தேடிப் போனேன் என்று எழுதுவதுதான் சரி. மேலும் அரை அரிசி, கீழும் அரை அரிசி என்றான். அவன் ஊரில் அதிகம் கிடைத்திருந்தால் அவன் ஏன் இங்கே கரி சுமக்கிறான் என்றும் கேட்டான். கேலியாகக் கேட்கவில்லை. நிஜமாகவே என்னைக் கேட்டான்.

 போன வாரமே இதைத்தான் சொன்னான். மரத்தட்டுக்காரன் என்று தள்ளினேன். சா. என்னைப் பார்ப்பது போல நான் அவனைப் பார்த்திருக்கிறேன். சோம்ரா கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

நாளை இரவுச் சோற்றுக்கு முன் சொல்லிவிட வேண்டும். சனிக்கு ஒரு நாள் முன்.

ஜனவரி 17, வெள்ளி

சீக்கிரமே வந்தேன். எனக்கு முன்னால் மாமா வந்திருந்தார். ஷிப்ட் முடியாத நேரம். கயிற்றுக்கட்டிலில் கால்மேல் கால். இடுப்பில் பில்லை இல்லை.

"போட்டுட்டேன் மச்சான். நாளிக்கி வரைக்கும் இன்னாத்துக்கு? தோள் ஒடஞ்சான் பாரு, அவன் எடத்துக்கும் சேத்து என்னையே ஓட்டச் சொல்றான் செராங்கு. பில்லயக் கழட்டி மேஜ மேல போட்டேன். நீயே ஓட்டிக்கன்னேன்."

இத்தனை வருஷத்தில் அவர் முகத்தை இப்படிப் பார்த்ததில்லை. பத்து வயது குறைந்த மாதிரி.

"மாமா, அது தங்கம் இல்ல."

"எது?"

"உருண்ட. ஈயம். தட்டுல பூசின ஈயத்தப் பாதரசம் தின்னிருக்கு."

சிரித்தார். எழுந்துபோய் உப்புப் பானையிலிருந்து எடுத்துவந்து என் கையில் வைத்தார். "கனத்தப் பாரு. பூசற ஈயம் இந்தக் கனமா கனக்கும்?"

பாதரசத்தின் கனம் என்றேன். மைக்குப்பியைக் காட்டினேன். அடியில் வெள்ளை. எப்படிச் சோதித்தேன் என்று சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தார். குப்பியைச் சாய்த்துப் பார்த்தார், நான் சாய்த்த மாதிரியே.

"எப்பத் தெரியும் உனக்கு?"

"புதன்கெழம."

"இன்னிக்கி வெள்ளி."

 நான் தரையைப் பார்த்தேன். அதற்கப்புறம் தட்டுக்கு ஈயம் பூசச் சொன்னது யார் என்று கேட்டார். குரல் ஏறவில்லை. ஏறாததுதான் பயம். நான்தான் என்றேன்.

அக்கா அடுப்படியிலிருந்து எழுந்து வந்தாள். கையில் கரண்டி. "அவன் ஏன் சொல்றான். நான்தான் பூசச் சொன்னேன். செம்புல பூசாம எவளாவது ஆக்குவாளா? அது சோறாக்க இல்லன்னு எங்கிட்ட யாரு சொன்னீங்க?"

யாரும் சொல்லவில்லை. பத்து நாள் இந்த அறையில் அடித்தோம், அறுத்தோம், ஆட்டினோம். எது எதற்கு என்று அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மாமா கையை ஓங்குவார் என்று நான் நடுவில் நின்றேன். ஓங்கவில்லை. கட்டிலில் உட்கார்ந்து, முளைக்குச்சிகளை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினார். கோழித் தலை வைத்ததைத் தனியாக வைத்தார்.

"புதன்கெழமயே சொல்லியிருந்தா" என்று ஆரம்பித்தார். முடிக்கவில்லை.

ஜனவரி 18, சனி

ஆபீஸ் போகவில்லை. ஜுரம் என்று சொல்லி அனுப்பினேன்.

டாக் வாசலில் பில்லை வாங்கிக் கொடுக்கும் பாபு ஒருவர், மரக்கூண்டுக்குள். மாமா வரமாட்டேன் என்றுவிட்டார். அவருக்குப் பதில் நான் போக வேண்டியதாயிற்று. கூட்டம் குறையும்வரை இரண்டு மணி நேரம் நின்றேன். முன்பணம் கேட்டு வந்தவன், செத்தவனின் பில்லையை ஒப்படைக்க வந்த பெண், எல்லாரும் போனபின்.

எங்கள் மாமா ஆத்திரத்தில் போட்டுவிட்டார், மன்னிக்க வேண்டும் என்று சொன்னேன். வங்காளியில் சொன்னேன், தப்பும் தவறுமாக. பாபு நிமிரவில்லை. கையைக் கூப்பினேன். இந்தக் கையை யாருக்கும் கூப்புவதில்லை என்று இந்த நோட்டிலேயே எங்கோ எழுதியிருப்பேன். தேடவில்லை.

பாபு சொன்னது: பெயரை இன்னும் அடிக்கவில்லை. பதிவுப் புத்தகம் திங்கட்கிழமைதான் மேலே போகும். பில்லையைக் கொடுப்பார். ஆனால் திங்கள் காலை செராங் தலையசைத்தால்தான் வாசலுக்குள் விடுவார்கள். அசைக்காவிட்டால் பாபுவுக்குத் தெரியாது, பில்லை திருடியது என்றாகும்.

அப்புறம் நான் மனுப் போட எழுதிவைத்திருந்த காகிதத்தைப் பார்த்தார். இது உன் கையெழுத்தா என்றார். மூன்று மாதப் பதிவை நல்ல படி எடுக்க வேண்டியிருக்கிறதாம், மேலே காட்ட. ஞாயிற்றுக்கிழமை.

எல்லாருக்கும் என் கையெழுத்துதான் வேண்டும்.

பில்லையை வீட்டுக்குக் கொண்டுவந்து மாமாவின் தலையணைக்குப் பக்கத்தில் வைத்தேன். பார்த்தார். தொடவில்லை. செராங்கிடம் என்ன சொல்வது என்று அக்காவைக் கேட்டார். என்னைக் கேட்கவில்லை. நேற்றிலிருந்து என்னிடம் பேசவில்லை.

அக்கா சொன்னாள்: "ஒண்ணும் சொல்லாத. போயி வின்ச்சுகிட்ட நில்லு. அவனுக்கும் ஆள் வேணும்."

ஜனவரி 19, ஞாயிறு

காலை ஆறு முதல் பகல் ஒன்று வரை மரக்கூண்டில். பெயர், எண், நாள். பெயர், எண், நாள். சிவப்பு மையில் அடித்த பெயர்களைப் படியெடுக்க வேண்டாம் என்றார் பாபு. சில பக்கங்களில் சிவப்புதான் அதிகம்.

வீட்டுக்கு வந்தால் வாசலில் அக்காவும் சோம்ராவும். மீதி மணலை என்ன செய்வது என்று அக்காதான் அவனைக் கூப்பிட்டாளாம். அவன் ஊரிலிருந்து கொண்டுவந்த மரத்தட்டு அவன் கையில். நடுவில் லேசான குழி, ஒரு பக்கம் தேய்ந்தது. அவன் ஆட்டிக் காட்டினான். அக்கா பார்த்தாள். கொடு என்று வாங்கிக்கொண்டாள்.

"அரிசில கல் அரிக்கற மாதிரிதான? அங்க அரிசிய எடுத்துக்கினு கல்ல வுடணும். இங்க கல்ல வெச்சிக்கணும்."

ஆட்டினாள். மணிக்கட்டு மட்டும் அசைந்தது. தண்ணீர் ஓரத்தில் வெண்மணல் விளிம்பு விளிம்பாக வழிந்தது. தொட்டில், சல்லடை, கம்பளி, எதுவும் வேண்டியிருக்கவில்லை. சோம்ரா தலையாட்டினான். அவன் ஊரில் இப்படி ஆட்டும் பெண்ணுக்கு நல்ல பெயராம்.

மணல் முழுக்க முடிய மூன்று மணி நேரம். கடைசியில் தங்கிய கரு மணல் கோட்டின் நுனியில் ஒன்று. மஞ்சள். அரை அரிசிகூட இல்லை. கால்.

திராவகம் தேவைப்படவில்லை. பார்த்தவுடனே தெரிந்தது.

மாமா வந்து குனிந்து பார்த்தார். அக்கா ஊசி முனையால் எடுத்து ஒரு துண்டு மெழுகில் ஒட்டி, மெழுகைச் சோம்ராவின் கையில் வைத்தாள். மணல் உன்னுதுதான என்றாள் தமிழில். புரிந்த மாதிரி வாங்கிக்கொண்டான்.

சாக்குக் கட்டில் மூங்கிலை அக்கா துணி காயப்போடக் கேட்டாள். பாய்த் துணி கூரைக்கு. சல்லடையைத் தெலுங்குக்காரி கேட்டிருக்கிறாள், மாவு சலிக்க. செம்புத் தட்டை மட்டும் யாரும் கேட்கவில்லை. இனி அதில் சோறாக்க முடியாது. பாதரசம் ஊறிவிட்டது.

ஜனவரி 20, திங்கள்

பனி இல்லை. வானம் வெளிறிக் கிடக்கிறது.

ஐந்தே முக்காலுக்கு மாமா கிளம்பினார். பில்லையை இடுப்பில் முடிந்துகொண்டு. வாசலில் நின்று, என்னைப் பார்க்காமல், குப்பி திராவகத்தை வீட்டில் வைக்காதே என்றார். மூன்று நாளில் முதல் பேச்சு.

டாக் வாசல் பத்து நிமிஷ நடை. உள்ளே விடாவிட்டால் ஆறரைக்குள் திரும்பிவிடுவார்.

ஆறு மணிச் சங்கு.

ஆறே கால். அக்கா பாத்திரம் தேய்க்கிறாள். தேய்த்ததையே.

ஆறரை. வரவில்லை. அவமானத்தில் டீக்கடையில் உட்கார்ந்திருப்பாரோ என்றாள். ஓடிப்போய்ப் பார்த்தேன். இல்லை. ஆற்றங்கரைப் படியில் பார்த்தேன். இல்லை.

ஏழு. டாக் பக்கம் வின்ச்சுகள் ஓட ஆரம்பித்துவிட்டன. எல்லாம் ஒரே சத்தம். எது அவருடையது என்று நான் கேட்டு வைத்துக்கொண்டதே இல்லை.

ஏழரை. அக்கா கை துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்து நின்றாள். கொஞ்ச நேரம் காதைக் கொடுத்தாள். நடுவுல ஒண்ணு இழுத்து இழுத்து ஓடுது பாரு, அதுதான் என்றாள்.

எனக்குக் கேட்கவில்லை.

உள்ளே போய் மூன்று பேருக்கு அரிசி எடுத்தாள். கல் அரிக்கிறாள்.